கடைசிக் குழாயின் மஞ்சள்

மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றியதோடு வேலை முடிவதில்லை. தொட்டி ஆபரேட்டர் ஊரின் கடைசித் தெருக்குழாய்க்குப் போய், சின்னக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் பிடித்து, குளோரின் இருந்தால் நிறம் காட்டும் ஆர்த்தோடாலிடின் கரைசலைச் சில சொட்டு விடுகிறார். வெளிறிய மஞ்சள் மெல்லப் பரவுகிறது. உடனே அதைச் சோதனைப் பெட்டியிலுள்ள நிற அளவுகளோடு ஒப்பிட வேண்டும். தாமதித்தால் நிறம் ஏறி, கணக்குத் தப்பும். அந்தச் சொட்டுக்குப் பதில் டிபிடி மாத்திரை போட்டால் நிறம் இளஞ்சிவப்பு.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கடைசிக் குழாய்தான். தொட்டியடியில் குளோரின் இருப்பது பெரிதல்ல. வழியெல்லாம் அழுக்கும் படிவும் தின்றதுபோகக் கடைசிக் குழாயில் மிஞ்சுவதே காவல். இந்தியக் குடிநீர்த் தரநிலையின்படி, லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் மிஞ்ச வேண்டும். உங்கள் தெருக்குழாய்த் தண்ணீரில் நிறமே வரவில்லையென்றால் ஆபரேட்டரிடம் சொல்லுங்கள். அதுவரை கொதிக்கவைத்தே குடியுங்கள்.