தொகுத்தலும் விடுத்தலும்: பாப் மார்லியின் ‘லெஜெண்ட்’ தொகுப்பும் அதன் ஏற்பும்

1. முன்னுரை

ஒரு பாடகரின் புகழ்பெற்ற பாடல்களை ஒருங்கு சேர்த்து வெளியிடும் இசைத்தட்டினைத் திறனாய்வாளர் பெரும்பாலும் படைப்பாகக் கருதுவதில்லை. வணிகப் பண்டமாகவே கருதி ஒதுக்குவர். புதிய பாடல் எதுவும் அதில் இல்லை என்பதும், பாடகரின் நேரடிப் பங்கு அதில் குறைவு என்பதும் இதற்குரிய காரணங்களாகக் கூறப்படும். எனினும் பெரும்பாலான மக்கள் ஒரு பாடகரை அறிந்துகொள்வது இத்தகைய தொகுப்பின் வழியாகவே எனின், அத்தொகுப்பு எவற்றைக் கொண்டது, எவற்றை விட்டது, கொண்டவற்றை எவ்வாறு வரிசைப்படுத்தியது என்பன திறனாய்வுக்குரிய வினாக்களாகின்றன.

ஜமைக்கா நாட்டுப் பாடகரான பாப் மார்லி (1945-1981) மறைந்து மூன்றாண்டுகளுக்குப் பின்னர், 1984 மே மாதத்தில், ஐலண்டு நிறுவனம் ‘லெஜெண்ட்’ என்னும் தொகுப்பினை வெளியிட்டது. ரெகே இசையில் இதனினும் மிகுதியாக விற்பனையான தட்டு வேறில்லை. இத்தொகுப்பின் அமைப்பையும், அது ஏற்கப்பட்ட முறையையும், அவ்வேற்பினால் பாடல்களின் பொருள் அடைந்த மாற்றத்தையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. தொகுத்தவரும் தொகுப்பின் நோக்கமும்

பாடியவர், தொகுத்தவர், தொகுப்பித்தவர் என மூவரை வேறுபடுத்திக் காண்பது தமிழ்த் தொகைநூல் மரபினை அறிந்தோர்க்குப் புதிதன்று. இவ்வேறுபாடு ‘லெஜெண்ட்’ தொகுப்பிற்கும் பொருந்துகிறது. பாடியவர் மார்லி. வெளியிட்டது, கிறிஸ் பிளாக்வெல் தோற்றுவித்த ஐலண்டு நிறுவனம். பாடல்களைத் தெரிந்தெடுத்தவர் அப்போது அந்நிறுவனத்தின் இங்கிலாந்துப் பிரிவின் பொறுப்பினை ஏற்றிருந்த டேவ் ராபின்சன்.

மார்லியின் பெயர் உலகெங்கும் பரவியிருந்த அளவிற்கு அவருடைய தட்டுகள் விற்பனையாகவில்லை என்பதை ராபின்சன் கண்டார். வெள்ளையர் பெரும்பான்மையாக உள்ள பொதுச் சந்தைக்கு மார்லியைக் கொண்டு செல்வதே தம் நோக்கமாக இருந்தது என்பதை அவர் பின்னாளில் வெளிப்படையாகவே கூறியுள்ளார். இதற்கென, இங்கிலாந்தின் புறநகர்ப் பகுதிகளில் இசைத்தட்டு வாங்குவோரின் கருத்துகள் முன்கூட்டியே திரட்டப்பட்டன. அட்டைப் படமும் இந்நோக்கிற்கு இயைந்ததே. மேடையில் சடைமுடி பறக்க ஆடிப்பாடும் மார்லி அதில் இல்லை; விரலை வாயருகே வைத்துச் சிந்தனையில் ஆழ்ந்திருக்கும் அமைதியான முகமே உள்ளது.

3. கொண்டவையும் விட்டவையும்

1984-இல் வெளிவந்த தட்டில் 14 பாடல்கள் உள்ளன. அவை எடுக்கப்பெற்ற மூலத்தட்டுகள் வருமாறு: ‘எக்ஸோடஸ்’ (1977) 5, ‘பர்னின்’ (1973) 2, ‘காயா’ (1978) 2, ‘அப்ரைசிங்’ (1980) 2, ‘கேட்ச் எ ஃபயர்’ (1973), ‘லைவ்!’ (1975), ‘கன்ஃப்ரன்டேஷன்’ (1983) ஆகியவற்றிலிருந்து ஒவ்வொன்று. இக்கணக்கிலிருந்து மூன்று செய்திகள் பெறப்படுகின்றன.

முதலாவது, 1973-க்கு முன்னர் வெளிவந்த ஒலிப்பதிவு ஒன்றேனும் இதில் இல்லை. மார்லி, பீட்டர் டோஷ், பன்னி வெய்லர் ஆகிய மூவரும் 1960-களில் கிங்ஸ்டன் நகரில் பாடியவையும், 1970-களின் தொடக்கத்தில் லீ பெரியுடன் இணைந்து உருவாக்கியவையும் இடம்பெறவில்லை. எனவே இதனை ஒரு பாடகரின் வாழ்நாள் தொகுப்பு என்பதைவிட ஒரு நிறுவனத்தின் உடைமைத் தொகுப்பு என்பதே பொருந்தும்.

இரண்டாவது, ‘ராஸ்தமேன் வைப்ரேஷன்’ (1976), ‘சர்வைவல்’ (1979) என்னும் இரு தட்டுகளிலிருந்து ஒரு பாடலும் எடுக்கப்படவில்லை. எத்தியோப்பியப் பேரரசர் ஹெய்லி செலாசி 1963 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் அவையில் ஆற்றிய உரையினையே பாடலாக்கிய ‘வார்’ முன்னதில் உள்ளது. ‘ஆஃப்ரிக்கா யுனைட்’, ‘ஜிம்பாப்வே’ ஆகியன பின்னதில் உள்ளன. 1980 ஏப்ரலில் ஜிம்பாப்வே விடுதலை பெற்ற விழாவில் மார்லியே சென்று பாடினார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. வெற்றி பெற்ற பாடல்களை மட்டுமே தெரிந்தெடுத்ததால் இவை விடுபட்டன எனக் கூறுதல் முழுமையாகப் பொருந்தாது. மார்லியின் பாடல்களில் அமெரிக்காவின் முதல் நூறு பாடல்கள் பட்டியலில் இடம்பெற்ற ஒரே பாடலான ‘ரூட்ஸ், ராக், ரெகே’ ‘ராஸ்தமேன் வைப்ரேஷன்’ தட்டினைச் சேர்ந்தது. அதுவும் விடப்பட்டுள்ளது.

மூன்றாவது, ‘எக்ஸோடஸ்’, ‘காயா’ ஆகிய இரண்டும் ஒரே காலத்து லண்டன் ஒலிப்பதிவுகளிலிருந்து உருவானவை. ஆகவே தொகுப்பின் செம்பாதி, அதாவது 7 பாடல்கள், மார்லியின் வாழ்வில் ஒரு குறுகிய காலப்பகுதியையே காட்டுகின்றன.

4. பாடலும் அதன் சூழலும்

1976 டிசம்பர் 3-ஆம் நாள் கிங்ஸ்டனில் இருந்த மார்லியின் இல்லத்தில் துப்பாக்கி ஏந்தியோர் புகுந்து சுட்டனர். காயமுற்ற நிலையிலும் இரு நாள்களுக்குப் பின்னர் மேடையேறிப் பாடிய அவர், அதன்பின் நாட்டைவிட்டு நீங்கி லண்டனில் தங்கினார். அங்கு உருவானதே ‘எக்ஸோடஸ்’. இசுரவேலரின் வெளியேற்றத்தைக் குறிக்கும் விவிலியப் பெயரை ஏற்ற இத்தட்டின் இரு பக்கங்களும் திட்டமிட்டு அமைக்கப்பட்டவை. முதற்பக்கத்தின் 5 பாடல்கள் தீமை, குற்றம், காட்டிக்கொடுத்தல், வெளியேறுதல் ஆகியவற்றைப் பேசுகின்றன. அவற்றுள் ஒன்று மார்கஸ் கார்வியையும், 1865-ஆம் ஆண்டின் மொரான்ட் பே எழுச்சிக்குத் தலைமையேற்ற பால் போகிளையும் நினைவுகூர்கிறது. இரண்டாம் பக்கத்தின் 5 பாடல்கள் களிப்பு, காதல், ஆறுதல், ஒருமை ஆகியவற்றைப் பேசுகின்றன.

‘லெஜெண்ட்’ முதற்பக்கத்திலிருந்து தலைப்புப் பாடலை மட்டுமே எடுத்துக்கொண்டது; இரண்டாம் பக்கத்திலிருந்து நான்கினை எடுத்துக்கொண்டது. இங்குதான் தொகுப்பின் விளைவு தெளிவாகப் புலப்படுகிறது. அஞ்சற்க எனத் தேற்றும் ‘த்ரீ லிட்டில் பேர்ட்ஸ்’ மூலத்தட்டில், துன்பத்தைச் சொல்லி முடித்த பின்னர் வருகிறது. குண்டடிபட்டு நாட்டை நீங்கிய ஒருவரின் ஆறுதல் மொழி அது. தொகுப்பிலோ அதற்கு முன்னர் வருபவை ‘இஸ் திஸ் லவ்’, ‘நோ வுமன், நோ க்ரை’, ‘குட் யூ பி லவ்ட்’ ஆகியன. பாடலில் ஓரெழுத்தும் மாறவில்லை. ஆயினும் இடர்ப்பட்டவரின் துணிவாக இருந்தது, இடர் அறியாதவரின் நிறைவாக ஒலிக்கிறது.

‘ரெடம்ப்ஷன் சாங்’ பாடலின் நிலையும் இத்தகையதே. அடிமை வாணிகத்தின் நினைவில் தொடங்கி, மன விடுதலை பற்றிக் கார்வி 1937-இல் ஆற்றிய உரையின் கருத்தினை ஏற்று, ஒற்றைக் கிதாரின் துணையோடு பாடப்படும் இப்பாடல், மார்லி வாழ்ந்த காலத்தில் வெளிவந்த இறுதித் தட்டான ‘அப்ரைசிங்’ தட்டின் இறுதிப் பாடலாகும். அவ்விடம் அதற்கு ஓர் இறுதி மொழியின் தன்மையை அளிக்கிறது. தொகுப்பில் அது ‘வெயிட்டிங் இன் வெய்ன்’, ‘சாட்டிஸ்ஃபை மை சோல்’ என்னும் இரு காதற்பாடல்களுக்கு நடுவே நிற்கிறது.

5. மொழியும் பொருள் மயக்கமும்

ஜமைக்காவின் மக்கள் மொழி, ஆங்கிலச் சொற்களைப் பெரிதும் கொண்ட, ஆனால் தனக்கெனத் தனி இலக்கணம் உடைய கிரியோல் மொழியாகும். மார்லியின் பாடல்கள் ஆங்கிலத்திற்கும் கிரியோலுக்கும் இடைப்பட்ட நடையில் அமைந்தவை. ‘நோ வுமன், நோ க்ரை’ என்னும் தலைப்பு இதற்குச் சிறந்த சான்று. கிரியோலில் வினைச்சொல்லின் முன்வரும் ‘நோ’ என்பது எதிர்மறையை உணர்த்தும். எனவே இத்தலைப்பின் பொருள் ‘வேண்டாம் பெண்ணே, அழாதே’ என்பதாகும். ஆங்கில இலக்கணத்தின்படி நோக்குவோர் ‘பெண் இல்லையேல் அழுகை இல்லை’ எனப் பொருள்கொள்வர். விளியும் ஏவலுமாக அமைந்த தொடர் நிபந்தனைத் தொடராகத் திரிந்துவிடுகிறது. ஏவல் எதிர்மறைக்கு ‘ஆதே’ எனத் தனி ஈறு கொண்ட தமிழில் இம்மயக்கம் தோன்ற இடமில்லை. அதனாலேயே தமிழ் வழியாக நோக்குவோர்க்குப் பிழை எளிதில் புலனாகிறது.

இப்பிழை ஒரு சொல்லைப் பற்றியது மட்டுமன்று. கிங்ஸ்டனின் டிரெஞ்ச் டவுன் பகுதியில், பொது முற்றத்தைச் சூழ்ந்த அரசுக் குடியிருப்புகளில் பகிர்ந்து உண்டு வாழ்ந்த ஏழை மக்களின் நினைவே அப்பாடலின் உள்ளடக்கம். இப்பாடலை இயற்றியவராகப் பதிவு பெற்றுள்ள வின்சென்ட் ஃபோர்டு அப்பகுதியில் ஏழைகளுக்கு உணவளித்து வந்தவர். தலைப்பு திரிபுற்றுப் பொருள் கொள்ளப்படும்போது, தேற்றப்படும் பெண்ணும் அவள் வாழ்ந்த முற்றமும் ஒருங்கே மறைந்துபோகின்றன. மக்கள் மொழியின் இலக்கணம் அறியப்படாமல் போவதும், அம்மக்களின் வரலாறு அறியப்படாமல் போவதும் ஒன்றோடொன்று தொடர்புடையன.

6. ஏற்பு

இங்கிலாந்தில் இத்தொகுப்பு 1984-இல் 12 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. அமெரிக்காவில் நிலை வேறு. வெளிவந்த காலத்தில் அங்குப் பெருவெற்றி கிட்டவில்லை. ஆனால் விற்பனை ஒருபோதும் நிற்கவுமில்லை. ‘பில்போர்டு’ இதழ் 1991 முதல் பழைய தட்டுகளுக்குத் தனிப் பட்டியல் வைத்திருந்தது. 2009-இன் இறுதியில் அவற்றை மீண்டும் முதன்மைப் பட்டியலில் சேர்த்தது. அப்பட்டியலில் ‘லெஜெண்ட்’ 800 வாரங்களுக்கு மேல் இடம்பெற்றுள்ளதற்கு இவ்விதி மாற்றமும் ஒரு காரணமாகும். அதன் முதற்பத்து இடங்களுக்குள் இத்தொகுப்பு நுழைந்தது 2014-இல்தான். இணைய விற்பனையகம் ஒன்று ஒரு டாலருக்கும் குறைந்த விலையில் விற்றபோது அது 5-ஆம் இடத்தை எட்டியது. உலக அளவில் இரண்டரைக் கோடிப் படிகளுக்கு மேல் விற்றுள்ளது என்பது பொதுவாகத் தரப்படும் மதிப்பீடு.

திறனாய்வாளரின் ஏற்பு இருவகைப்பட்டது. ‘டைம்’ இதழ் 1999-இன் இறுதியில் நூற்றாண்டின் சிறந்த இசைத்தட்டாகத் தெரிந்தெடுத்தது ‘எக்ஸோடஸ்’ தட்டினையே. ஆனால் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் 2003-இல் வெளியிட்ட சிறந்த 500 தட்டுகளின் பட்டியலில் மார்லியின் மூலத்தட்டுகள் அனைத்தினும் மேலான இடத்தை ‘லெஜெண்ட்’ பெற்றது. மூலத்தின் ஒருமையைப் போற்றும் பார்வையும், பரவலைத் தகுதியாகக் கொள்ளும் பார்வையும் ஆகிய இவ்விரண்டும் இன்றளவும் இணையவில்லை.

7. மறுப்பும் அதன் வலிமையும்

‘லெஜெண்ட்’ மார்லியின் அரசியலை அடியோடு நீக்கிவிட்டது என்னும் கூற்று மிகையானது. ‘கெட் அப், ஸ்டாண்ட் அப்’, ‘ஐ ஷாட் த ஷெரிஃப்’, ‘பஃபலோ சோல்ஜர்’, ‘ரெடம்ப்ஷன் சாங்’, ‘எக்ஸோடஸ்’ என ஐந்து பாடல்கள் உரிமையையும் அடக்குமுறையையும் அடிமை வரலாற்றையும் பேசுகின்றன. நீங்கியது எதிர்ப்புணர்வு அன்று. அவ்வெதிர்ப்பின் இடமும் காலமும் ஆகும். தென்னாப்பிரிக்கா, அங்கோலா, ஜிம்பாப்வே எனப் பெயர் சுட்டிப் பாடியவை விடப்பட்டன. யாருக்கும் பொருந்தும் வகையில் பொதுமைப்பட நிற்பவையே பெரும்பாலும் கொள்ளப்பட்டன.

அரசியற் பாடல்களை மட்டும் தொகுத்து ‘ரெபெல் மியூசிக்’ என்னும் தட்டினை அதே நிறுவனம் 1986-இல் வெளியிட்டது. 1992-இல் வெளிவந்த ‘சாங்ஸ் ஆஃப் ஃப்ரீடம்’ மார்லியின் 1962-ஆம் ஆண்டுப் பாடலிலிருந்தே தொடங்கியது. எனவே மாற்றுத் தொகுப்புகள் இல்லாமற் போகவில்லை. அவை எவையும் ‘லெஜெண்ட்’ பெற்ற பரவலைப் பெறவில்லை என்பதே உண்மை. இதற்குரிய பொறுப்பு தொகுத்தவருக்கு மட்டும் உரியதன்று. முதல் தொகுப்போடு நிறைவடைந்த கேட்போருக்கும் உரியதாகும்.

மேலும், தொகுப்பு பாடல்களை முற்றிலும் அடக்கிவிடவும் இயலவில்லை. ஜமைக்காவின் சுற்றுலா விளம்பரங்களிற் பயன்பட்ட ‘ஒன் லவ்’ பாடலே இதற்குச் சான்று. அன்பையும் ஒருமையையும் போற்றும் பாடலாகவே அது அறியப்படுகிறது. ஆயினும் அதன் உட்பகுதி, தன்னலத்திற்காக மாந்தர் அனைவருக்கும் தீங்கிழைத்தவனுக்குப் புகலிடம் உண்டோ என வினவுகிறது. இறுதிப் போரைப் பற்றியும் பேசுகிறது. இணக்கத்தின் பாடலாகக் கொள்ளப்பட்டதனுள் தீர்ப்பின் குரலும் உள்ளது. விளம்பரம் பல்லவியோடு நின்றுவிடுகிறது, பாடல் நிற்பதில்லை.

8. முடிவுரை

‘லெஜெண்ட்’ எந்தப் பாடலையும் பொய்யாக்கவில்லை. பாடல்களின் அண்டையை மாற்றியது. அம்மாற்றமே பொருளை மாற்றப் போதுமானதாயிற்று. ஒரு பாடலின் பொருள் அதன் சொற்களில் மட்டுமன்றி, அதற்கு முன்னும் பின்னும் நிற்பவற்றிலும் தங்கியுள்ளது என்பது இவ்வாய்வினாற் பெறப்படும் முடிவாகும். தொகுப்புகள் மூலங்களுக்கு மாற்றாக வழங்கும் இடமெங்கும், தொகுத்தவரின் நோக்கத்தை ஆராய்வது திறனாய்வின் கடமையாகிறது.

இத்தொகுப்பு இல்லாதிருந்தால் மார்லியின் குரலைக் கோடிக்கணக்கானோர் கேட்டிருக்கமாட்டார் என்பதை மறுத்தற்கில்லை. அவர்கள் கேட்டது மார்லியின் குரலே; ஆனால் அவர் யாரை நோக்கி, எந்த நாட்டில், எந்த இடர்ப்பாட்டில் பாடினார் என்பதைத் தொகுப்பு அவர்களுக்குச் சொல்லவில்லை. ‘எக்ஸோடஸ்’ தட்டின் முதற்பக்கத்தையும் ‘சர்வைவல்’ தட்டினையும் கேட்ட பின்னர் ‘த்ரீ லிட்டில் பேர்ட்ஸ்’ பாடலை மீண்டும் கேட்போர், அதன் ஆறுதல் எத்துணை அரிதின் எய்தப்பெற்றது என்பதை உணர்வர்.