மண் சுமந்த படலமும் பாண்டியன் ஆணையும்

மதுரை ஆரப்பாளையத்தை அடுத்த பிட்டுத் தோப்பில் ஆண்டுதோறும் ஆவணி மூலத் திருவிழாவின்கண் பிட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடல் நிகழ்த்தப்பெறுகின்றது. அதனைக் கண்டு உருகுவாருள்ளும் நூல் பயில்வாருள்ளும் பலர் அரிமர்த்தன பாண்டியனைக் கொடுங்கோலன் என்றே கருதுவர். பரஞ்சோதி முனிவர் நூலின் 61-ஆவது படலத்தை ஊன்றி நோக்குவார்க்கு அக்கருத்துப் பொருந்தாமை புலனாம்.

வாதவூரர்பால் அரசன் அளித்தது குதிரை கொள்ளுதற்குரிய பொருள். குதிரையின்றிப் படையில்லை, படை தளர்ந்தவழி அரியணைக்குத் தாயத்தாராலும் பகைவராலும் இடையூறு நேரும். பிற்காலத்ததாயினும் மதுரையின் வரலாறே இதற்குச் சான்று. 1310-இல் குலசேகர பாண்டியன் இறந்தபின் சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் அரசுரிமைக்குப் பொருதனர். 1311-இல் மாலிக் கபூரின் படை மதுரையிற் புகுந்தது. ஆகலின் பொருள் எங்கே என்று அமைச்சரை வினவியது அரசன் கடமையேயாம். (கடல்வழி வந்திறங்கிய குதிரைகளுட் பெரும்பாலன, பேணுமுறை அறியாமையால் ஓராண்டிற்குள் மடிந்தன என மார்க்கோ போலோ எழுதியிருப்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. பரி நரியாகாமலே பாண்டியர் செல்வம் பாழாயிற்று!) மேலும், அப்பொருள் அறநெறியால் ஈட்டப்பெற்றமையின் தமக்கும் தம் அடியார்க்கும் ஆயிற்று என இறைவனே வானொலியாய் அரசற்கு உணர்த்துவதாகப் படலங் கூறும். கொடுங்கோலன் கருவூலத்திற்கு இச்சான்று கிட்டுமோ?

பிழை, அடியவரைச் சுடுமணலில் நிறுத்திய ஒறுப்பினும், கரையடைக்க வீட்டுக்கு ஓராள் என்ற ஆணையினும் உள்ளது. வெட்டி என்று கல்வெட்டுக்கள் கூறும் கூலியில்லா ஊழியம் அது. ஆளில்லா வீட்டை அவ்வாணை அறியவில்லை. பிட்டு விற்றுண்ணும் கிழவி வந்திக்கும் ஆள் உள்ளார்க்கும் பங்கு ஒருதன்மைத்தாகவே அளந்துவிடப்பட்டது. அரசன் கண்ணுக்குப் புலனாகாத அக்குடிக்கே இறைவன் ஆளாய் வந்தனன்.

பிரம்படி எல்லா உயிர்மேலும் பட்டமைக்கு, இறைவன் உயிர்க்குயிராய் நிற்றலே ஏதுவென்பர். அஃது உண்மையே, ஆயினும் அவ்வடி அரசன் முதுகையும் விலக்கிற்றில்லை என்பதே இப்படலத்திற் சிறப்பாக நோக்கற்பாலது. ஓங்கிய கோலும் அடியேற்ற முதுகும் ஒருவனுடையவாயின. ஆணையிட்டவன் அக்கணத்தே ஆணைக்குட்பட்ட குடிகளுள் ஒருவனாயினன். பின்னர் அவன் வாதவூரர் அடிபணிந்து பிழை பொறுக்க வேண்டினன். அவரோ விடைகொண்டு தில்லைக்கு வழிக்கொண்டார். குதிரைப் பொருளைப் பற்றிய வினா அதன்பின் எழவில்லை.