பென்சில் என்னும் சாக்கு

வர்ஜீனியா வுல்ஃப் 1927இல் எழுதிய ‘ஸ்ட்ரீட் ஹாண்டிங்’ கட்டுரையில், குளிர்கால மாலையொன்றில் லண்டன் தெருக்களில் அலையும் ஆசைக்கு ஒரு சாக்கு தேவைப்படுகிறது: பென்சில் வாங்க வேண்டும். வழியில் கடையில் கண்ட முத்துகளைக் கற்பனையில் அணிந்துகொள்கிறார். திரும்பும்போது கையில் பென்சில் மட்டும்.

யாரிடம் சொல்ல அந்தச் சாக்கு? கட்டுரையில் கேட்பவர் எவருமில்லை.

நானும் ஆசைப்பட்டு ஒரு புடவை எடுத்தால் பிள்ளைக்கும் ஒரு சட்டை சேர்த்து எடுத்துவிடுகிறேன். வீட்டில் புடவையின் விலையைக் குறைத்துச் சொல்கிறேன். சம்பளம் என்னுடையதுதான்.

எழுதும் பெண்ணுக்குத் தனி அறையும் ஆண்டுக்கு 500 பவுண்டும் வேண்டும் என்று 1929இல் வுல்ஃப் வாதிட்டார். சரிதான். ஆனால் பணம் கைக்கு வந்த பிறகும் கணக்குக் கேட்கும் குரல் நமக்குள்ளேயே குடியிருக்கிறது. அதை எனக்குக் காட்டியது அந்தப் பென்சில்தான்.