சுராங்கனிக்கு மீன்

எழுபதுகளின் கடைசியில் ராயபுரத்திலிருந்து மகாபலிபுரத்துக்கு டூர் கிளம்பினால், பஸ் அடையாறு தாண்டுவதற்குள் 'சுராங்கனி' ஆரம்பித்துவிடும். கிதார் வேண்டாம், முன்சீட்டின் முதுகே போதும். அர்த்தம்? யார் கேட்டார்கள்! ஏதோ ஜாலிப் பாட்டு.

பிற்பாடுதான் தெரிந்தது. அதில் வரும் 'மாலு' சிங்களத்தில் மீன். சுராங்கனி என்கிற பெண்ணுக்கு மீன் கொண்டுவந்த சமாசாரம். காசிமேட்டில் தினம் மீனுக்கு விலை பேசுகிற நாங்கள், மீன் என்று தெரியாமலே மீனைப் பாடியிருக்கிறோம்!

பாடிப் பிரபலமாக்கியவர் இலங்கைத் தமிழர் ஏ.இ. மனோகரன். நமக்கு 'சிலோன்' மனோகர். மெட்டு, பைலா வகை. போர்ச்சுகீசியர் தீவில் விட்டுப்போன சரக்கு. அவர்கள் மொழியில் 'பைலார்' என்றால் ஆடுவது. அந்தத் தாளத்துக்குச் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. ஆனால் மனோகரின் சாதனை தாளமல்ல. சிங்களத்தையும் தமிழையும் ஒரே பாட்டில் தோள்மேல் கை போட்டு நடக்கவிட்டாரே, அதுதான். 1983-ல் தீவு பற்றி எரிந்தபோதும் நம் டூர் பஸ்ஸில் பாட்டு நிற்கவில்லை. அது பாட்டின் பலமா, நம் அறியாமையா? இரண்டும்தான்.

தமிழ் சினிமா அவரைப் பாட வைத்ததைவிட, வில்லனாக்கி ஹீரோவிடம் அடிவாங்க வைத்ததுதான் அதிகம். 2018 ஜனவரியில் சென்னையிலேயே காலமானார்.

அடுத்த டூரில் பாடும்போது, யார் பாட்டு என்று பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.