பிரதியின் வேகம்

பழைய கம்ப்யூட்டர் விளையாட்டுகளைப் புதிய யந்திரங்களில் ஓட வைப்பதைத் தொழில்நுட்பக்காரர்களின் பொழுதுபோக்கு என்றோ, நடுவயதுக்காரர்களின் பால்ய ஏக்கம் என்றோ ஒதுக்கிவிடுவது சுலபம். எனக்கு இது முழுக்கவும் பிரதி சார்ந்த பிரச்சினையாகப் படுகிறது. தமிழில் 'பிரதி' என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. வாசிக்கப்படுவதும் பிரதி, நகலெடுக்கப்பட்டதும் பிரதி. இந்த இரண்டு அர்த்தங்களும் ஒன்றையொன்று காலை வாரிவிடுகிற இடம் இது.

1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டை எடுத்துக்கொள்வோம். திரையில் 55 வேற்றுக்கிரக உருவங்கள். இன்டெல் 8080 பிராசஸருக்கு அத்தனையையும் ஒரே சமயத்தில் நகர்த்தத் திராணி இல்லை, ஒவ்வொன்றாகத்தான் நகர்த்தும். சுடச்சுட எண்ணிக்கை குறைகிறது, மிச்சமிருப்பவற்றின் முறை சீக்கிரம் வந்துவிடுகிறது, அவை வேகமெடுக்கின்றன. கடைசி ஒன்று பாய்ந்து வரும்போது ஆடுகிறவனுக்கு மூச்சு முட்டும். இந்தப் பதற்றத்தை யாரும் திட்டமிட்டு எழுதவில்லை. யந்திரத்தின் இயலாமை எழுதியது. வடிவமைத்த தொமொஹிரோ நிஷிகாதோ அது நன்றாக இருக்கிறதென்று அப்படியே விட்டுவிட்டார், அவ்வளவுதான். ரொலான் பார்த் ஆசிரியனின் மரணத்தை அறிவித்தது 1967இல். இங்கே ஆசிரியன் சாகவில்லை. ஒரு சிலிக்கான் சில்லோடு இடத்தைப் பங்கு போட்டுக்கொண்டான்.

ஆகவே வேகமான யந்திரம் பழைய பிரதியை மேம்படுத்துவதில்லை, குலைக்கிறது. 1981இல் வந்த ஐபிஎம் பிசியின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அந்த வேகத்தையே கடிகாரமாக நம்பி எழுதப்பட்ட விளையாட்டுகள் அடுத்தடுத்த யந்திரங்களில் கண் இமைப்பதற்குள் முடிந்துபோயின. இதற்காகவே பெட்டியில் ஒரு பொத்தான் வைத்தார்கள். பெயர் 'டர்போ', காரியமோ தேவைப்படும்போது வேகத்தைக் குறைப்பது. குறிப்பான் ஒரு பக்கம், குறிப்பீடு மறுபக்கம்!

இன்று அந்த வேலையை 2002இல் வெளியான 'டாஸ்பாக்ஸ்' செய்கிறது. புதிய யந்திரத்துக்குள் ஒரு பழைய யந்திரத்தை நடித்துக்காட்டும் எமுலேட்டர் அது. ஒரு மில்லிசெகண்டுக்கு எத்தனை கட்டளைகள் என்பதை நாமே கூட்டலாம், குறைக்கலாம். நான் கூட்டிக் குறைத்துப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுகிறது: எது 'சரியான' வேகம்? அந்தக் காலத்திலேயே ஒரே விளையாட்டு ஒரு வீட்டில் மெதுவாகவும் இன்னொரு வீட்டில் வேகமாகவும் ஓடியதுதானே? அசல் என்று ஒன்று தொடக்கத்திலேயே இருந்ததில்லை. பாடபேதங்கள்தான் இருந்தன.

திரையும் அப்படித்தான். டாஸ் கால விளையாட்டுகள் பலவற்றின் படம் 320க்கு 200 புள்ளிகள். அதை நான்குக்கு மூன்று விகிதத் திரை உயரவாக்கில் இழுத்துக் காட்டியது. இன்றைய திரையில் புள்ளிக்குப் புள்ளி 'உண்மையாக' வைத்தால் வட்டம் நசுங்கிப்போகிறது. எழுத்துக்கு எழுத்து விசுவாசமாக இருப்பதே துரோகமாகிவிடுகிறது.

2001இல் தொடங்கிய 'ஸ்கம்விஎம்' வேறு வழியில் போகிறது. யந்திரத்தை நடிக்காமல், லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் 1987இல் 'மேனியாக் மேன்ஷனு'க்காக உருவாக்கிய மொழியையே படிக்கக் கற்றுக்கொள்கிறது. விளையாட்டின் கோப்புகள் பழையவை, வாசிப்பவர் புதியவர். மூலத்துக்கு ஒரு உரையாசிரியர் கிடைத்த மாதிரி. உரை இல்லாமல் நாம் எத்தனை மூலங்களுக்குள் போயிருப்போம்?

இதெல்லாம் சும்மா கோட்பாட்டு விளையாட்டு இல்லை. 1989இல் வந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா'வின் டாஸ் பதிப்பு ஒரு கட்டத்தில் கையேட்டின் இன்ன பக்கம், இன்ன வரி, இன்ன சொல்லின் முதல் எழுத்தைக் கேட்கும். கையேடு தொலைந்தால் கதவு திறக்காது. அந்தப் பூட்டை உடைத்தவர்களைத் திருடர்கள் என்றார்கள். பூட்டுப் போட்டு விற்கப்பட்ட எத்தனையோ விளையாட்டுகள் இன்றும் ஓடுகின்றன என்றால் உடைத்த பிரதிகள் கைமாறி வந்ததும் ஒரு காரணம். பாதுகாத்தவன் யார், அழித்தவன் யார்?

அமெரிக்காவில் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 சதவீதம் கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷனின் ஆய்வு 2023இல் சொன்னது. ஆய்வாளர்கள் அவற்றைத் தங்கள் இடத்திலிருந்தே நூலகங்கள் வழியாக ஆடிப்பார்க்க விதிவிலக்கு கேட்டார்கள். அந்நாட்டின் காப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்துவிட்டது. விற்கவும் மாட்டோம், வாசிக்கவும் விடமாட்டோம் என்பதற்குச் சட்டம் துணை. 2021இல் ராக்ஸ்டார் நிறுவனம் தன் மூன்று பழைய 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' விளையாட்டுகளைப் புதுப்பித்து 'முடிவான பதிப்பு' என்று பெயரிட்டு, பழையவற்றை விற்பனையிலிருந்து எடுத்தது. ஆடுகிறவர்கள் கொதித்த பிறகே கம்ப்யூட்டருக்கான பழைய பதிப்புகள் அதன் கடைக்குத் திரும்பின. 'முடிவான' என்கிற சொல்லில் இருக்கிற அதிகாரத்தைக் கவனியுங்கள். மற்ற பாடங்களை வாயடைக்கச் செய்கிற சொல் அது.

என் தரப்பு இதுதான். ஓட வைத்தால் போதும் என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அசல் யந்திரம் இல்லாவிட்டால் எல்லாம் போலி என்கிற தூய்மைவாதிகளோடும் இல்லை. அந்த யந்திரங்களின் மின்தேக்கிகள் கசிந்துகொண்டிருக்கின்றன, நெகிழ்தட்டுகளின் காந்தம் மங்கிக்கொண்டிருக்கிறது. தூய்மை பேசிக்கொண்டே சவத்துக்குக் காவல் இருக்க வேண்டியதுதான். ஓட வைக்கிறவர்கள் பதிப்பாசிரியர்கள். பதிப்பாசிரியனுக்குரிய கடமை அவர்களுக்கு உண்டு. எந்த வேகத்தில் ஓட்டினோம், எந்தத் திரை விகிதத்தை எடுத்துக்கொண்டோம், யார் உடைத்த பிரதி இது, எந்தப் பிழையைத் திருத்தினோம், எதை விட்டுவைத்தோம் என்று முன்னுரையில் எழுதி வையுங்கள். நாளை வருகிறவன் நம்மோடு சண்டை போட அந்தக் குறிப்புகள் அவனுக்கு வேண்டும்.