ஊழியமும் தொண்டும்: வட்டுக்கோட்டைச் செமினரி பற்றிய ஓர் ஆராய்ச்சி

கிறித்தவர் தம் குருமார் செய்யும் பணியை ஊழியம் என்பர். நாம் தொண்டு என்போம். இரண்டும் ஆண்டவனுக்கு அடிமைப்பட்டார் செயலையே குறிக்கும். ஆயினும் அவை நிகழும் நோக்கம் ஒன்றோ வேறோ என்பது ஆராயற்பாலது. நிகழ்ச்சியை விடுத்து வெற்றுரையால் ஆராயின் அது வழக்காட்டாய் முடியுமாதலின், யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனார் நடத்திய வட்டுக்கோட்டைச் செமினரியை ஈண்டு எடுத்துக்கொள்வாம்.

அம்மிஷனார் 1816இல் யாழ்ப்பாணம் போந்தனர். 1823இல் டானியல் பூவர் என்பாரைத் தலைவராகக் கொண்டு வட்டுக்கோட்டையிற் செமினரி தொடங்கிற்று. 1824இல் உடுவிலிற் பெண்களுக்கு விடுதிப் பள்ளியும், 1841இல் உதயதாரகை என்னும் பத்திரிகையும் தோன்றின. 1847இல் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் நோயாளரைப் பேணியதோடு, உடற்கூறு, இரணவைத்தியம் முதலிய நூல்களைத் தமிழிற் பெயர்த்துத் தமிழிலேயே மாணாக்கர்க்கு மேனாட்டு மருத்துவம் கற்பித்தனர். செமினரித் தலைவருள் ஒருவராகிய ஹொய்சிங்டன், தத்துவக்கட்டளை, சிவஞானபோதம், சிவப்பிரகாசம் என்னும் மூன்றனையும் ஆங்கிலப்படுத்தி அமெரிக்கக் கீழ்த்திசைக் கழகத்தார் வாயிலாக வெளிப்படுத்தினர். மறுக்கும் நோக்கத்தோடு படித்தாராயினும் படித்தார் என்பது மெய். இவற்றை நன்றியோடு நினையாதார் நடுவுநிலையுடையாராகார்.

இனி, இவ்வூழியம் புறவாழ்வோடு நின்றதன்று, இல்லத்துள்ளும் புகுந்தது. அமெரிக்காவிலிருந்து ஒரு பிள்ளையின் உணவுக்கும் கல்விக்கும் பொருளுதவினோர், தாம் விரும்பிய பெயரை அப்பிள்ளைக்கு இடுவித்தல் வழக்கமாயிருந்தது. ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை என்னும் பெயர்களை நோக்குக. தந்தை தாய் இட்ட பெயரும், கடல் கடந்த ஈகையாளர் இட்ட பெயரும் ஒருவர் மேலேயே நிற்கின்றன. ஈகைக்குக் கைம்மாறாகப் பெயரை வேண்டுதல் சிறு செயல் போலத் தோன்றும். ஆயினும் கொடுப்போன் கொள்வோனது அகவாழ்வில் எத்துணைத் தூரம் உரிமை கொண்டாடலாம் என்னும் பெரிய வினாவை அஃது எழுப்புகின்றது.

இவ்வினாவிற்கு விடை 1855இல் வெளிப்பட்டது. அமெரிக்க மிஷன் சங்கத்தின் செயலாளர் ரூபஸ் ஆண்டர்சனும் உடன்வந்த தாம்சனும் இந்தியாவிலும் யாழ்ப்பாணத்திலும் மிஷன் வேலைகளைப் பார்வையிட்டனர். ஆங்கிலம் பயின்ற மாணாக்கர் பலர் அரசாங்க உத்தியோகத்தை நாடினரேயன்றிச் சபை ஊழியத்திற் புகுந்தாரல்லர் என்பது கண்டு, செமினரி அவ்வாண்டே மூடப்பட்டது. மிஷனின் முடிந்த பயன் தன்னைத் தானே ஆண்டு, தானே தாங்கி, தானே பரவும் சுதேச சபை. கல்வி அதற்குக் கருவி மாத்திரமே என்பது ஆண்டர்சன் கொள்கை.

அற்றேல், தம் பொருளைத் தம் நோக்கத்திற்கே செலவிடுதல் யார்க்கும் உரிமையன்றோ எனின், அஃதொக்கும். வேற்று நாட்டார் ஆட்சியின்றிச் சுதேச சபை தானே நிற்றல் வேண்டும் என்ற ஆண்டர்சன் கருத்தும் இகழத்தக்கதன்று. ஆயின் யாம் கடாவுவது வேறு. கல்வியறிவு பெறுதலே ஓர் உயிர்க்கு நன்மையாயின், பெற்றவன் எச்சபையைச் சேர்ந்தாலும் அந்நன்மை நன்மையே. மதமாற்றம் குறைந்தது என்பதனால் கல்வி நிறுத்தப்படுமாயின், முன்னர்க் கொடுத்ததும் அன்பினாற் கொடுத்ததோ, விலையாகக் கொடுத்ததோ என்னும் ஐயம் பிறவாதொழியாது. கிறீன் போன்றார் தனித்தனியே அன்புடையராயிருந்தனர். ஆயினும் தனியொருவர் அன்பு வேறு, சங்கத்தின் கணக்கு வேறு.

அக்கணக்குப் பிழைத்தது என்பதற்குச் சான்றும் உண்டு. அச்செமினரியிற் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளாயினர். அவருள் தாமோதரம்பிள்ளை பின்னர்ச் சைவராய் வாழ்ந்தார். தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையை அச்சேற்றினார். கிறித்தவராகவே வாழ்ந்த சதாசிவம்பிள்ளையோ 1886இற் பாவலர் சரித்திர தீபகம் இயற்றிச் சைவப் புலவர் வரலாறுகளையும் காத்தார். சபைக்கு இழப்பு என எழுதப்பட்டது தமிழ்க்குப் பேறாயிற்று. மிஷனாரும் 1855ஆம் ஆண்டு முடிவோடு நின்றிலர்; யாழ்ப்பாணத்தார் வேண்டுகோட்கு இணங்கி 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றிற்று.

இதுகாறும் கூறியவற்றாற் பிறரைக் குறைகூறி மகிழ்தல் எம் கருத்தன்று. அதே அளவுகோலை நம்மேலும் வைத்தல் வேண்டும். ஆறுமுக நாவலர், பெர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழிற் பெயர்க்க உதவியவர், 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கினர். 1923இல் சைவ வித்தியா விருத்திச் சங்கம் எழுந்து பல பள்ளிகளை நிறுவிற்று. இவை சைவத்தைக் காத்தன. ஆயினும் 1929இல், உதவிபெறும் பள்ளிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒருங்கே அமர்தல் வேண்டும் என்று அரசினர் விதித்தபோது, அதனை எதிர்த்தாருள் சைவர் பலர் இருந்தனர் என்பதை மறைத்தலாகாது. மதம் மாறினாற் கல்வி என்பது விலையாயின், சாதி பார்த்துக் கல்வி என்பதும் விலையே. திருநாளைப்போவாரை அறுபத்துமூவருள் வைத்து வணங்குவோர் வகுப்பறையில் வரிசை பிரித்தல் எந்நெறி?

1960ஆம் ஆண்டு தொடங்கி இலங்கை அரசாங்கம் உதவிபெறும் பள்ளிகளைத் தன்வயப்படுத்தியது. மிஷன் பள்ளிகள் மிகப் பலவும் சைவப் பள்ளிகளும் ஒருங்கே கைமாறின. பள்ளியே கருவி என்று கொண்ட இருசாராரும் கருவியை இழந்தனர். எஞ்சியது யாது? நோயாளன் படுக்கையருகே சென்று அமர்தலும், கைம்பெண் இல்லத்துக் கதவைத் தட்டி நலம் வினாவுதலும், இறந்தார் வீட்டில் உடனிருத்தலுமாகிய சிறு பணிகளே. இவற்றைத் தம் கடமையாகக் கொண்டு வழுவாது செய்யும் குருமார் கிறித்தவ சபையில் உளர். நம் திருக்கோயில்களிற் பூசை குறைவற நடக்கின்றது. கோயிலுக்கு வர இயலாத அடியவரைத் தேடிச் செல்வார் எத்தனை பேர்?

அப்பரடிகள் உழவாரம் ஏந்திப் புல் செதுக்கியபோது அதனால் எத்தனை பேர் சைவராவர் என்று எண்ணினாரல்லர். பணி செய்து கிடத்தலே அவர்க்குப் பயனாயிற்று. ஆதலின் ஊழியமாயினும் தொண்டாயினும், பயனைக் கணக்கிட்டுச் செய்வது வாணிகம். உயிர்கள்பால் வைத்த இரக்கத்தாற் செய்வதே வழிபாடு. இவ்வுரைகல்லில் முதற்கண் நம்மை உரைத்துப் பார்த்துப் பின்னர்ப் பிறரை உரைப்பதே சிவநேயர்க்கு முறையாமென்க.