பெயர் கேட்காத வரி

அமெரிக்காவின் ஆன்லைன் விற்பனை வரி வழக்குகளைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இரண்டு அணிகளாக நிற்பார்கள். வரி வேண்டும் என்பவர்கள் மாநிலத்தின் வருமானத்தையும் தெருமுனைக் கடைக்காரரின் நஷ்டத்தையும் பேசுவார்கள். வேண்டாம் என்பவர்கள் சுதந்திரம், தனியுரிமை, சின்ன வியாபாரியின் சுமை என்பார்கள். இந்தத் தீர்ப்புகளைக் கொஞ்ச நாளாக வரிசையாகப் படித்து வருகிறேன். நான் வக்கீல் இல்லை; டேட்டாபேஸோடு மல்லுக்கட்டிப் பிழைப்பு நடத்துகிறவன். அந்தக் கண்ணோடு பார்த்தால், தனியுரிமை விஷயத்தில் இரண்டாவது அணியின் கணக்கு தலைகீழாக இருக்கிறது. வெளிமாநில வியாபாரியிடம் வரி வசூலிக்கக் கூடாது என்ற தடைதான், வாங்குபவரின் பெயரைத் தேடி மாநில அரசுகளை அலைய வைத்தது.

முதலில் கொஞ்சம் பின்னணி. ஒரு மாநிலத்துக்குள் கடையோ கிடங்கோ ஆளோ இல்லாத நிறுவனத்தை, அந்த மாநிலம் வரி வசூலித்துத் தரச் சொல்ல முடியாது. 1967-இல் பெல்லாஸ் ஹெஸ் என்ற தபால் விற்பனை நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்படித் தீர்ப்பளித்தது. 1992-இல் குயில் என்ற அலுவலகப் பொருள் நிறுவனத்தின் வழக்கில் அதையே உறுதி செய்தது. ஆன்லைன் கடைகள் வளர்ந்தது இந்த நிழலில்தான்.

ஆனால் இதனால் வரி ரத்தாகிவிடவில்லை. பலர் கோட்டை விடுவது இங்கேதான். கடைக்காரர் வசூலிக்காவிட்டால், வாங்கியவரே கணக்குப் பார்த்துத் தன் மாநிலத்துக்குக் கட்ட வேண்டும். இதற்கு யூஸ் டாக்ஸ், அதாவது பயன்பாட்டு வரி, என்று பெயர். சட்டம் இருக்கிறது, கட்டுகிற ஆள்தான் அபூர்வம்.

இப்போது இதை ஒரு சிஸ்டமாக யோசித்துப் பாருங்கள். விற்பவர் வசூலித்தால் அரசுக்கு வேண்டியது ஒரு வரி: இந்த மாதம் உங்கள் மாநிலத்தில் இவ்வளவு விற்றேன், இவ்வளவு வரி. யார் வாங்கினார்கள் என்ற கேள்விக்கே வேலை இல்லை. வாங்குபவரிடம் வசூலிக்க வேண்டுமென்றால் லட்சக்கணக்கான வரிகள் கொண்ட ஒரு டேபிள் வேண்டும். ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயர், ஒரு முகவரி. குயில் தீர்ப்பு முதல் வழியை அடைத்தது, இரண்டாவதைத் திறந்து வைத்தது.

அந்த வழியில் முதலில் துணிந்து நடந்தது வட கரோலினா. 2009 டிசம்பரில் அதன் வருவாய்த் துறை, 2003 ஆகஸ்ட் முதல் அந்த மாநில முகவரிகளுக்கு அனுப்பிய எல்லா விற்பனைகளின் விவரத்தையும் அமேசானிடம் கேட்டது. அமேசான் கொடுத்தது, பெயர் இல்லாமல். ஏறத்தாழ 5 கோடி பொருட்கள், ஒவ்வொன்றுக்கும் பொருள் குறியீட்டோடு. அந்தக் குறியீட்டை வைத்து என்ன புத்தகம், என்ன படம் என்று யாரும் பார்த்துவிடலாம். அடுத்ததாகத் துறை பெயர்களையும் முகவரிகளையும் கேட்டது.

டேட்டாபேஸ் தெரிந்தவர்களுக்கு இதில் உள்ள ஆபத்தை விளக்கத் தேவையில்லை. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு கோரிக்கைகளும் சாதாரணமாகத் தெரியும். ஆனால் இரண்டு டேபிளும் ஒரே கையில் இருந்தால் ஒரு ஜாயின் போதும். மனச்சோர்வு பற்றிய புத்தகம் வாங்கியவர் யார், விவாகரத்துச் சட்டம் படிப்பவர் யார், மதம் மாற யோசிப்பவர் யார் என்று ஒரு வரி அலுவலகத்தின் கணினியில் பட்டியல் போட முடியும்.

2010 ஏப்ரலில் அமேசான் சியாட்டில் ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போனது. பெயர் வெளியிடாத சில வாடிக்கையாளர்களுக்காக ஏசிஎல்யு என்ற சிவில் உரிமை அமைப்பும் வழக்கில் சேர்ந்தது. தலைப்புகள் எங்களுக்குத் தேவையே இல்லை என்று வருவாய்த் துறையே ஒப்புக்கொண்டது. ஆனாலும் கையில் இருந்ததை விட்டுக்கொடுக்கவில்லை. அக்டோபரில் நீதிபதி மார்ஷா பெக்மன், இந்தக் கோரிக்கை பேச்சுரிமை தரும் முதல் திருத்தத்தையும், 1988-இன் வீடியோ தனியுரிமைச் சட்டத்தையும் மீறுகிறது என்று தீர்ப்பளித்தார். சரியான தீர்ப்பு. ஆனால் அது தடுத்தது ஜாயினைத்தான். பெயர்ப் பட்டியல் கேட்பதற்கான காரணம் அப்படியே இருந்தது.

கொலராடோ இதைவிட நாசூக்காக வந்தது. அதன் 2010 சட்டம், வரி வசூலிக்காத வெளிமாநிலக் கடைகளுக்கு மூன்று வேலைகள் கொடுத்தது. ஒவ்வொரு விற்பனையிலும் "நீங்கள் வரி கட்ட வேண்டியிருக்கலாம்" என்று சொல்ல வேண்டும். வருஷத்துக்கு 500 டாலருக்கு மேல் வாங்கியவருக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். யார், எங்கே, மொத்தம் எவ்வளவு என்ற பட்டியலை அரசுக்குத் தர வேண்டும். பொருள் விவரம் கேட்கவில்லை. அதனால் தனியுரிமைக்குப் பாதகமில்லை என்று வாதிட்டார்கள்.

இது எனக்கு ஒப்பவில்லை. கடையின் பெயரே ஒரு தகவல். எல்லாம் விற்கும் பெரிய கடை என்றால் பரவாயில்லை. நீரிழிவுக் கருவி மட்டும், ஒரு மதத்தின் நூல்கள் மட்டும் விற்கும் கடை என்றால்? பொருள் நெடுவரிசையை அழித்தாலும் கடை நெடுவரிசை அதையே சொல்லிவிடும். வீட்டுக்கு வரும் கடிதத்தின் உறையில் "முக்கிய வரி ஆவணம் உள்ளே" என்று அச்சிட வேண்டும் என்பதும் சட்டம். நாலு பேர் இருக்கிற வீட்டில் அப்படி ஓர் உறையை முதலில் பிரிப்பவர் வாங்கியவராகத்தான் இருப்பார் என்று யார் சொன்னது?

டைரக்ட் மார்க்கெட்டிங் அசோசியேஷன் வழக்குப் போட்டது. மேல்முறையீடுகளில் பேசப்பட்டது வரம்புக் கேள்வியும், மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை இது பாதிக்கிறதா என்ற கேள்வியும்தான். 2016-இல் பத்தாவது சர்க்யூட் சட்டத்தை ஏற்றது. 2017 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது. வரி வசூலிப்பதைவிடப் பட்டியல் தயாரிப்பது பெரிய தொல்லை, அதனால் கடைகள் தாங்களாகவே வசூலிக்க வந்துவிடும் என்பதுதான் உள்நோக்கம் என்பது என் வாசிப்பு. அப்படியானால் இங்கே வாடிக்கையாளரின் பெயர் பேரம் பேசும் சீட்டாகப் பயன்பட்டிருக்கிறது. இதைத்தான் நான் கடுமையாகக் குறை சொல்வேன்.

2018 ஜூன் 21 அன்று, தெற்கு டகோட்டா - வேஃபேர் வழக்கில் 5-4 என்ற கணக்கில் குயில் வீழ்ந்தது. மாநிலத்தில் வருஷத்துக்கு 1,00,000 டாலருக்கு மேல் விற்பனை, அல்லது 200 பரிவர்த்தனைகள் இருந்தால் கடை வரி வசூலிக்க வேண்டும் என்ற சட்டம் தாக்குப்பிடித்தது. இது தனியுரிமை வழக்கே இல்லை. ஆனாலும் பெயர்ப் பட்டியலுக்கான காரணத்தையே பெருமளவு இல்லாமல் ஆக்கியது இதுதான். வரி எதிர்ப்பாளர்கள் இதைத் தோல்வியாக எழுதினார்கள். வாங்குபவரின் பக்கம் நின்று பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

அதற்காக எல்லாம் சுபம் என்று சொல்லிவிட முடியாது. எதிர்த் தீர்ப்பு எழுதிய தலைமை நீதிபதி ராபர்ட்ஸ், நாட்டில் 10,000-க்கும் மேற்பட்ட வரி எல்லைகள் இருப்பதைச் சுட்டினார். நியூ ஜெர்சியில் ஸ்வெட்டர் பின்ன வாங்கும் நூலுக்கு வரி இல்லை, கலை வேலைக்கு வாங்கினால் உண்டு என்றார். அவர் சொன்னது கடைக்காரரின் சுமை பற்றி. எனக்கு வேறொன்று உறைத்தது: எதற்காக வாங்குகிறீர்கள் என்பதுகூட வரிக் கணக்கின் உள்ளீடாகிவிட்டது. வரி சிக்கலாக ஆக, கேள்விகளும் கூடும்.

இந்தக் கணக்கைச் சின்னக் கடைகள் தாங்களே போடுவது கஷ்டம். வெளி நிறுவனத்தின் மென்பொருளுக்கு அனுப்புவார்கள். முகவரியும் பொருளும் ஒன்றாகவே போகும். வட கரோலினாவில் நீதிபதி தடுத்த ஜாயின், இங்கே ஒரு ஏபிஐ கோரிக்கையில் சத்தமில்லாமல் நடக்க வாய்ப்பிருக்கிறது. இதற்கு மருந்தும் ஏற்கெனவே இருக்கிறது. இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் சேர்ந்த ஸ்ட்ரீம்லைன்டு ஒப்பந்தம், சான்று பெற்ற கணக்கீட்டு நிறுவனங்கள், சொற்ப விதிவிலக்குகள் தவிர, வாங்குபவரை அடையாளம் காட்டும் தகவலைத் தக்கவைக்காமல் வேலை செய்ய வேண்டும் என்கிறது. கலிஃபோர்னியா, டெக்சாஸ், நியூயார்க் போன்ற பெரிய மாநிலங்கள் அதில் இல்லை.

நம் ஜிஎஸ்டியிலும் இதே சோதனை நடந்தது. 2022 டிசம்பரில் விதி 46 திருத்தப்பட்டு, பதிவில்லாத ஒருவர் ஆன்லைன் சேவை வாங்கினால், தொகை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பெயர், முகவரி, பின்கோடு எல்லாம் பில்லில் இருக்க வேண்டும் என்றார்கள். ஒரு மாத ஓடிடி சந்தாவுக்குக்கூட வீட்டு முகவரி! 2023 ஆகஸ்டில் அதை மாற்றி, மாநிலத்தின் பெயர் போதும் என்றார்கள். வரி எந்த மாநிலத்துக்குப் போக வேண்டும் என்று தெரிய அது மட்டும்தானே தேவை? சத்தமில்லாமல் வந்த நல்ல திருத்தம்.

ஆகவே, எல்லை தாண்டிய விற்பனைக்கு வரி என்று எந்த ஊரில் புதுச் சட்டம் வந்தாலும், எத்தனை சதவீதம் என்று பார்ப்பதற்கு முன்னால் இரண்டு விஷயம் பாருங்கள். வசூலிப்பவர் யார்? அந்தக் கணக்குக்கு எந்தெந்த நெடுவரிசைகள் கேட்கிறார்கள்? மாநிலமோ பின்கோடோ போதும் என்ற இடத்தில் பெயர் கேட்டால், அதற்கான காரணத்தை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.